மூப்பன் பேசிய கொங்குத் தமிழ்

அந்தப் படம் இடப்பக்கத்தின் மேல்பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். விமானம் பழுதாகிக் காட்டுக்குள் இறங்கிய கேப்டன் ரோலன், கிழிந்த சட்டையும் கைத்துப்பாக்கியுமாக நிற்பார். எதிரே ஈட்டியை ஊன்றியபடி காட்டுமக்களின் மூப்பன். தலையில் இறகு, கழுத்தில் பல் மாலை, நெற்றியில் மூன்று கோடுகள். அவன் வாயிலிருந்து கிளம்பும் வெள்ளைக் குமிழிக்குள் இப்படி எழுதியிருக்கும்: "ஏனுங்க, சொல்லாமக் கொள்ளாம ஒறம்பரையாட்ட வந்து நிக்கறீங்க? உக்காருங்க. தண்ணி குடிச்சுபோட்டு அப்பறமாச் சண்டை போடலாமுங்க." வீட்டுக்கு வரும் விருந்தாளியை ஒறம்பரை என்று சொல்லும் ஊர்க்காரியான எனக்கு, ஆப்பிரிக்காவோ அமேசானோ என்று தெரியாத ஒரு காட்டில் இறகு வைத்த ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசியதில் பத்து வயதில் எந்த ஆச்சரியமும் ஏற்படவில்லை. காடு என்றால் மலையடிவாரம், மலையடிவாரம் என்றால் மேட்டுப்பாளையம், அங்கே இருப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

"கறுப்பருவி மர்மம்" என்பது அந்தப் படக்கதையின் பெயர். மாதம் ஒன்றாக வந்த சின்ன அளவுப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. அந்த வாக்கியம் என்னோடு வளர்ந்து, கல்யாணம் ஆகி, என் குடும்பத்துக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கும் கணவருக்கும் பேச்சு முற்றினால், அவர் சொம்பை எடுத்து நீட்டி, "தண்ணி குடிச்சுபோட்டு அப்பறமாச் சண்டை போடலாமுங்க" என்பார். சிரிப்பு வந்துவிடும். மகள் தன் தோழிகளிடம் இதை எங்கள் வீட்டுப் பழமொழி என்றே சொல்லிவைத்திருக்கிறாள்.

சென்ற ஆண்டு கோவைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு கடையில் அந்தப் படக்கதையின் மறுபதிப்பைப் பார்த்தேன். பளபளப்பான தாள், கெட்டி அட்டை, பெரிய அளவு. கடைக்காரர் உறையைப் பிரிக்க விடவில்லை. வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கேழ்வரகுக் கூழ் விற்கும் இடத்தில் நின்றபடியே கணவரிடம், "இருங்க, அந்தப் பக்கத்தைக் காட்டறேன்" என்று பிரித்தேன். படம் அப்படியே இருந்தது. ஈட்டி, இறகு, மூன்று கோடுகள். குமிழிக்குள் மட்டும், "ஊகா! ஊகா! பூம்பா!" என்று இருந்தது. கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் ஊகா. காட்டுமக்கள் வரும் பதினொரு பக்கங்களிலும் ஊகா, பூம்பா தவிர ஒரு சொல் கிடையாது.

நான் சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். காரணம் தெரியாத எதையும் தெரியவில்லை என்று விட்டுவிட எனக்கு வராது. மறுபதிப்பில் வசனத்தை மாற்றியிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். கணிதத் துறையில் ஒரு பேராசிரியர் பழைய படக்கதைகளைச் சேகரிப்பவர். அவரிடம் சொன்னதும் மறுநாளே அந்தக் காலத்து மூலப் பதிப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். என்னைக் கை கழுவி வரச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அதிலும் ஊகாதான். "நம்ம மனசு நல்ல டைரக்டருங்க மேடம். ஒரிஜினலை விட நல்லா எடுத்துபோடும்" என்றார். நியாயமான விளக்கம்தான். ஆனால் என் நினைவில் அந்த எழுத்துகள் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. "ஒறம்பரை" என்பதில் வல்லின றகரம் குமிழியின் விளிம்பை இடித்துக்கொண்டிருந்தது. இல்லாத ஒன்றை இவ்வளவு நுணுக்கமாக ஒரு மனசு எதற்காக வரைந்து வைக்க வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபதிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். சிறுவயதில் ஒரு பகல் முழுவதும் நீண்ட கதை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேப்டன் ரோலன் எங்கும் யாரிடமும் கேட்டுவிட்டு நுழைவதில்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. கதையில் வரும் ஒரே பெண், ஒரு விஞ்ஞானியின் மகள், மூன்று முறை தடுக்கி விழுகிறாள்; நான்கு முறை "ஐயோ" என்கிறாள். இதைப் படித்தா நான் அப்படிக் கிறங்கிக் கிடந்தேன் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் ஆபத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வைக்கும் அந்த வித்தை இன்றைக்கும் என்மேல் வேலை செய்தது. அருவியை வரைந்தவர் கறுப்பு மையால் பாறைகளை மட்டும் தீட்டி, தண்ணீரை வெறும் தாளாகவே விட்டிருந்தார். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஊட்டிப் பேருந்து மலையேறும்போதெல்லாம் என் மனதில் ஏன் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு அருவி வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை நான் பார்த்தது மலையில் இல்லை.

அந்தப் புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது சின்னம்மாவால். அம்மாவின் தங்கை. மேட்டுப்பாளையத்துக்கு வடக்கே மலையடிவார ஊர்களுக்குச் சுகாதாரச் செவிலியராக வேலை கிடைத்து, எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. காலையில் தடுப்பூசிப் பெட்டியை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புவார். சாலை முடிகிற இடத்தில் வண்டியை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, பதிகளுக்கு நடந்து போவார். பதி என்பது மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் குடியிருப்பு. மாதத்தின் முதல் சனிக்கிழமை வரும்போது பேருந்து நிலையக் கடையில் புதுப் படக்கதை வாங்கி வருவார். எனக்காக வாங்குகிறார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கிடையாது. தனக்காகத்தான் வாங்கினார். அவர் முடிக்கும்வரை யாரும் தொட முடியாது. சாப்பிடும்போது இடது கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு படிப்பார். சண்டைக் காட்சி வந்தால் வலது கையில் உருட்டிய சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நிற்கும். "கட்டிக் குடுக்கற வயசுல பொம்மைப் புத்தகமா?" என்று அம்மா கேட்டால், "இந்தப் புத்தகத்துல ஆருக்கும் நான் ஊசி போட வேண்டியதில்லீங்க அக்கா" என்பார்.

சின்னம்மாதான் அந்தச் சிறுமியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். பதி ஒன்றிலிருந்து எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து, பக்கத்துத் தெரு விடுதியில் தங்கியிருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் சின்னம்மாவை நம்பி விட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் நானும் அவளும் தரையில் குப்புறப் படுத்து, ஒரே புத்தகத்தில் இரண்டு தலைகளை வைத்துப் படிப்போம். நான் வேகமாகப் படித்துவிட்டுப் பக்கத்தின் மூலையைப் பிடித்தபடி காத்திருப்பேன். அவள் எழுத்தை விடப் படத்தையே அதிகம் பார்ப்பாள். "இந்த மரத்துல இப்படி ஏற முடியாது, வழுக்கும்" என்று ஒருமுறை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. கேப்டன் ஏறிவிட்டாரே, அப்புறம் என்ன?

ஆறாம் வகுப்பில் நான் வேறு பள்ளிக்கு மாறினேன். சின்னம்மா கல்யாணமாகித் தொண்டாமுத்தூர் போனார். புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை.

அந்தப் பெட்டி மேட்டுப்பாளையத்தில் தம்பி வீட்டுப் பரணில் இருந்தது. பொங்கல் விடுமுறையில் போய் இறக்கினேன். பழைய பாடநூல்கள், அப்பாவின் மண்டி நாள்காட்டிகள், அவற்றுக்கடியில் இருபது இருபத்தைந்து படக்கதைகள். "கறுப்பருவி மர்மம்" அட்டையில்லாமல் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும், "ஏனுங்க" என்று மூப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

அச்சு இல்லை. குமிழியின் வடிவத்துக்கே கத்தரித்து ஒட்டிய வெள்ளைத் தாள். அதன்மேல் கறுப்பு மையால், அச்செழுத்துப்போல் கவனமாக எழுதியிருந்தது. நான் நினைத்தபடியே வலப்பக்கம் சாய்ந்த எழுத்து; றகரம் விளிம்பை இடித்துக்கொண்டிருந்தது. பசையைப் பூச்சி அரித்து ஒரு ஓரம் மேலே தூக்கியிருந்தது. நகத்தால் மெல்ல நெம்பினேன். அடியில் ஊகா.

தரையிலேயே உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பதினொரு பக்கங்களிலும் ஒட்டியிருந்தது. காட்டுமக்கள் வரும் இன்னும் மூன்று புத்தகங்களிலும் அப்படித்தான். ஒட்டிய தாள்களை மட்டும் தொடர்ச்சியாகப் படித்தால் அது தனியாக ஒரு கதையாக ஓடியது. கேப்டனை மரத்தில் கட்டிவைத்த படத்தில் ஒருவன் இன்னொருவனிடம், "பாவமுங்க, சோறு தின்னு ரெண்டு நாளாச்சாட்ட இருக்குது" என்கிறான். கேப்டன் கயிற்றை அறுத்துத் தப்பி ஓடும் படத்தில், "அந்த வழி போகாதீங்க, சேறுங்க" என்று பின்னாலிருந்து கத்துகிறார்கள். அடுத்த படத்தில் கேப்டன் சேற்றில் விழுகிறார். தம்பி மனைவி நான் தனியாகச் சிரிப்பதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

பாதிக்கு மேல்தான் அதைக் கவனித்தேன். எழுத்து இரண்டு விதமாக இருந்தது. ஒன்று சின்னம்மாவுடையது, தடுப்பூசி அட்டைகளில் நான் பார்த்துப் பழகிய உருண்டை எழுத்து. இன்னொன்று சிறியது, அழுத்தி எழுதியது, ஒரு குழந்தையின் கை. மூப்பனின் அந்த முதல் வசனம் அந்தச் சின்னக் கையால் எழுதப்பட்டிருந்தது. அது என் கை இல்லை. கடைசிப் புத்தகத்தில் கேப்டனைப் பார்த்து மூப்பன் சொல்வதாக நான்கு சொற்கள் அதே கையில். தமிழ் எழுத்துதான், ஆனால் எனக்குப் பொருள் தெரியவில்லை.

மறுநாள் தொண்டாமுத்தூருக்குப் பேருந்து ஏறினேன். சின்னம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல். ஓய்வு பெற்று, தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீட்டில் சித்தப்பாவோடு இருக்கிறார். நான் போனபோது இரண்டு நாள் முன்பு யானை வந்து சாய்த்துவிட்ட வேலிக் கம்பிகளை ஆட்கள் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். "வா கண்ணு, ஊட்டுக்குள்ள வா. நம்மாளு வந்துட்டுப் போயிருக்காரு, பாத்தியா?" என்று வேலியைக் காட்டினார். காப்பி குடித்தோம். பிறகு புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இதெதுக்கு ஒட்டினதுன்னு உனக்கு நெனப்பே இல்லியா அம்மணி?" என்றார்.

இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அந்தப் புள்ளைய நீங்கெல்லாம் ஊகா, ஊகான்னு கூப்பிட்டீங்க. கிளாஸ் முழுக்க. பேரே அதான்னு ஆயிப்போச்சு. டீச்சர் வருகைப் பதிவு எடுக்கறப்ப அவ பேரச் சொன்னா, பின்னால இருந்து ஊகான்னு ஒரு சத்தம் வருமாம். ஒரு நா அவங்கப்பன் வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. ஒன்பது நாளு பள்ளிக்கூடத்துக்கு வரல."

"ஆரு மொதல்ல கூப்பிட்டது?" என்று கேட்டேன். அந்தப் புத்தகம் அந்த வகுப்பில் வேறு யார் வீட்டிலும் இல்லை. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீதான் கண்ணு."

எனக்கு அதில் எதுவுமே நினைவில்லை. இன்றைக்கும், எவ்வளவு முயன்றாலும் இல்லை. அவள் வராத ஒன்பது நாட்கள் என் மனதில் எங்கும் பதியவில்லை. "ஊகா" என்று நான் படித்ததே அழிந்திருக்கிறது. இரண்டாவதாகப் படித்ததை முதலாவதாக்கி, அதைக் குடும்பம் முழுவதற்கும் கொடுத்திருக்கிறேன். கணிதப் பேராசிரியர் சொன்னது சரிதான், ஆனால் அவர் நினைத்ததுபோல் இல்லை. மனசு நல்லதாக எதையும் எடுக்கவில்லை. எனக்கு வேண்டாத காட்சியை வெட்டியிருக்கிறது.

சின்னம்மா தொடர்ந்து சொன்னார். பத்தாம் நாள் ஊசிப் பெட்டியில்லாமல் பதிக்கு நடந்திருக்கிறார். அந்தச் சிறுமி வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு வா என்றதற்கு அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "நர்சம்மா, அந்தப் புத்தகத்துல இருக்கறது எங்க ஆளுங்களா?"

"எனக்குத் தலைல அடிச்சாப்ல இருந்துச்சு கண்ணு. அந்தப் புத்தகத்த நான் மூணு தடவ படிச்சிருக்கறேன். வாரத்துல நாலு நாள் அந்த ஊட்டுலெல்லாம் உக்காந்து சோறு தின்னுபோட்டு வாரேன். ஒரு தடவகூட எனக்கு அது தோணல பாரு. அவ கேட்டதுக்கு இல்லைன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல. அப்ப அந்த ஆளு என்ன பேசுவாரு, நீயே சொல்லுன்னேன். 'ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுப்போம். சண்டை அப்பறந்தான்'னு சொன்னா. அதத்தான் எழுத வெச்சேன். ஏனுங்க, ஒறம்பரை எல்லாம் நான் சேத்தது."

நாற்பது ஆண்டுகளாக என் வீட்டில் நான் சொல்லிவந்த வாக்கியம் யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலியில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னை ஏன் திட்டலீங்க சின்னம்மா?"

"ஒட்டின புத்தகத்தக் குடுத்ததும் நீ படிச்சுப்போட்டு உருண்டு உருண்டு சிரிச்ச. ஒரே வாரத்துல கிளாஸே மூப்பனாட்டம் பேச ஆரம்பிச்சுது. ஊகா நின்னுபோச்சு. சரி, தீந்துதுன்னு உட்டுட்டேன்" என்றார். பிறகு, "திட்டியிருக்கோணும். உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா உனக்கு நெனப்பிருந்திருக்கும். காயிதம் ஒட்டறது எனக்குச் சுலுவா இருந்துச்சு. உன்ற அம்மாகிட்ட, உன்கிட்ட மொகம் முறிச்சுப் பேச வேண்டியதில்லை பாரு. அது என்ற தப்புதான்" என்றார். சின்னம்மா தன்னைப்பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடங்களில் அதை அவர் எத்தனை முறை யோசித்திருப்பார் என்று தோன்றியது.

அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். பன்னிரண்டாவது முடித்து, மலையடிவாரத்தில் ஒரு கிராமத்து அஞ்சலகத்தில் தபால் அதிகாரியாக இருபத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறாள். சின்னம்மாவோடு தொடர்பு விடவில்லை. எண்ணைக் கொடுத்துவிட்டு, "போய்ப் பாரு. ஆனா மன்னிப்புக் கேட்டு அவளைச் சங்கடப்படுத்தற வேலை வெச்சுக்காத. என்ன சொல்லோணும்னு அவ பாத்துக்குவா" என்றார்.

அடுத்த ஞாயிறு போனேன். ஓட்டு வீடு, முன்னால் செவ்வந்திச் செடிகள், உள்ளே பெரிய தொலைக்காட்சி. அவளுடைய தலைமுடி என்னைவிடக் குறைவாகவே நரைத்திருந்தது. தெருவில் எதிரே வந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. "வாங்க, வாங்க. நர்சம்மா போன் பண்ணிச் சொன்னாங்க" என்றாள். ஒரே புத்தகத்தில் தலை வைத்துப் படித்த காலத்தில் என்னை "நீ" என்றுதான் சொல்வாள். இந்த "ங்க" எங்கள் ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் போடுவதா, அல்லது எனக்கென்று போட்டதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சின்னம்மா சொன்னதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், "உன்னை நான்தான் முதல்ல அப்படிக் கூப்பிட்டேன்னு சின்னம்மா சொன்னாங்க. எனக்கு அது நினைவே இல்லை. அதுக்கும் சேர்த்து வருத்தமா இருக்கு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கூப்பிட்டது நல்லா நெனப்பிருக்குதுங்க. ஆனா நீங்கதான் மொதல்லன்னு எனக்கும் தெரியாதுங்க. எல்லாரும் கூப்பிட்டாங்க. அதுல நீங்களும் ஒருத்தர்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கோபமாகவும் இல்லை, பரவாயில்லை என்றும் இல்லை. தபால் எடை பார்ப்பவர் சொல்வதுபோல், உள்ளதைச் சொன்னாள்.

பேச்சை மாற்ற நான் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிய தாள்களைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது. பசை தயாரித்தது, குமிழியின் அளவுக்குத் தாளை வெட்ட நர்சம்மாவின் மருந்துக் கத்தரியை எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குப் புரியாத அந்த நான்கு சொற்களைக் காட்டி என்ன பொருள் என்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க பேச்சுங்க. வசவு. கேப்டனோட அம்மாவையும் சேத்து வெய்யறது. நர்சம்மா இது என்னன்னு கேட்டாங்க, வணக்கம்னு சொல்லிவெச்சேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. சொல்லிபோடாதீங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்து அடங்கியதும், அந்தப் புத்தகங்களை அவள் வெறுத்திருப்பாள் அல்லவா என்று கேட்டேன். இத்தனை நாளாக என் மனதில் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

"வெறுப்பா?" என்றாள். "எனக்கு அந்தப் புத்தகம்னா உசுருங்க. சனிக்கிழமை எப்ப வரும்னு இருப்பேன். நீங்க பக்கத்த வெசையாத் திருப்பறதுதான் புடிக்காது." பிறகு மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "படிக்கறப்ப நாந்தாங்க கேப்டன். ஏரோப்பிளேன் ஓட்டறது, அருவியத் தாண்டறது, எல்லாம் நாந்தான். அந்தக் கூட்டத்த நான் சரியாக்கூடப் பாத்ததில்லை. நீங்க எல்லாரும் அப்படிக் கூப்பிட்ட அன்னிக்குத்தான், ஓ, நம்ம எடம் அந்தப் பக்கமான்னு தெரிஞ்சுது. அதுக்கப்பறம் கேப்டனா இருக்க முடியலீங்க. நர்சம்மா என்னை மூப்பனாக்கினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு ஏரோப்பிளேன்தான் வேணும்."

சின்னம்மாவும் நானும் அந்த அநியாயத்தை மூப்பனின் குமிழிக்குள் தேடிக்கொண்டிருந்தோம். அது அங்கே மட்டும் இல்லை. என் பக்கத்தில் குப்புறப் படுத்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை நான் பாதி வானத்தில் கீழே இறக்கிவிட்டிருக்கிறேன்.

"முடிவு தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தெரியாதுங்க. ரிப்பேர் பண்ணின ஏரோப்பிளேனைக் கெளப்பற எடம் வரைக்கும்தான் படிச்சிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வர்றதுக்குள்ள அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறம் நர்சம்மா மூப்பன் வர்ற பக்கத்தை மட்டும் எடுத்து வெச்சு எழுதச் சொன்னாங்க. பின்னால போய்ப் படிக்கத் தோணலீங்க." கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இப்பப் படிக்கலாமா? உங்களுக்கு பஸ் எத்தனை மணிக்கு?"

பேருந்து கிடக்கட்டும் என்றேன்.

முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தாள். வாய்விட்டுப் படித்தாள். கேப்டனின் வசனம் வரும்போது குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள். மூப்பன் வரும் பக்கங்களைச் சிரித்தபடி கடந்தாள். தன் எழுத்தைத் தானே ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. எவ்வளவு மெதுவாகப் படித்தாள் என்றால், சிறுவயதில் என்றால் நான் பக்கத்தின் மூலையைப் பிடித்து இழுத்திருப்பேன். இப்போது கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். விமானத்தின் விசிறி சுழல ஆரம்பித்தது. சக்கரங்கள் பாறைமேல் குதித்தன. எதிரே மலைமுகடு. வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இழுக்கிறார்.

அதைத் தாண்டினால் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பேச வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். பக்கத்தின் மூலையை இரண்டு விரல்களால் பிடித்தாள், திருப்பவில்லை. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.